மஹ்ஜூபின் நத்தை

மஹ்ஜூப் டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் காலைக் காப்பியைத் தொடுவார். அத்திமரத்தடியில் நிற்கும் அந்தப் பச்சை டிரெய்லரின் முன்னால் குனிவார். காரோடு கோக்கிற இரும்பு முனையை இரண்டு கைகளாலும் பிடித்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, கண்களை மூடிக்கொண்டு நிற்பார். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் போல இருக்கும். பிறகு மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, உள்ளங்கைத் துருவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவார். டிரெய்லர் எங்கும் போகாத நாட்களிலும் இதே வழக்கம்தான். "உள்ள ஒரு தலகாணி எடம் மாறினாக்கூட மூக்கு சொல்லிடும்" என்பார்.

எங்கள் ஊரான பூ ஸாலெமின் கோதுமைக் கிடங்கில் அவருக்கு எடைமேடை வேலை. அறுவடை மாதத்தில் சமவெளியின் அத்தனை டிராக்டர்களும் அவருடைய மேடையில் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். வேலை முடிந்த பிறகும் அவருடைய கை ஓய்வதில்லை. சந்தையில் தர்ப்பூசணியை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, "ஏழு, ஏழரை" என்பார். கடைக்காரர் தராசில் வைப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார். தெருப்பெண்கள் கைக்குழந்தையை அவரிடம் நீட்டுவார்கள். அவர் வாங்கி, ஒரு கணம் தன் தோளோடு வைத்து, "போன மாசத்துக்கு இப்ப தேவல" என்று திருப்பிக் கொடுப்பார். சாவு வீட்டில் என்னைக் கட்டித் தழுவியபோதுகூடக் காதோரம், "நூரி, ரொம்ப எளைச்சுட்ட" என்றார். நான் எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவன். செத்தது என் சித்தப்பா.

அந்த டிரெய்லரை அவரே கட்டினார். பழைய வேன் ஒன்றின் அச்சு, மெல்லிய பலகை, தகரக் கூரை, இரண்டு படுக்கை, ஒரு ஜன்னல். அவரிடம் இருப்பது சின்ன ஃபியட் கார். அதன் சக்திக்கு மேல் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்று, ஒவ்வொரு பலகையையும் கையில் ஏந்திப் பார்த்துத்தான் வைத்தார். மூன்று கோடைக்காலம் போயிற்று. ஊர்க்காரர்கள் அதற்கு நத்தை என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; கொஞ்ச நாளில் அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஜன்னலுக்கு மட்டும் அவர் தனிப் பெயர் வைத்திருந்தார்: கடல் பக்கத்து ஜன்னல். எங்கள் ஊரில் கடல் ஏது? ஜன்னலுக்கு எதிரே வேலி. வேலிக்கு அப்பால் மலையடிவாரம் வரை கோதுமை. சாயங்காலங்களில் அவரும் அவர் மனைவி வஸீலாவும் நத்தைக்குள் எதிரெதிர்ப் படுக்கையில் உட்கார்ந்து புதினாத் தேநீர் குடிப்பார்கள். காற்றில் கோதுமை ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாயும். இருட்டும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாடியிலிருந்து பார்க்கும்போது, வீடு ஏற்கெனவே புறப்பட்டுப் போய்க்கொண்டிருப்பதாகவும், நாங்கள்தான் கரையில் நிற்பதாகவும் எனக்குத் தோன்றும்.

வஸீலாவுக்கு ஒரு குறை உண்டு. கடலுக்குக் கொண்டுபோக அவள் எதை எடுத்து வைத்தாலும் அவர் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே வைத்துவிடுவார். கூஸ்கூஸ் அவிக்கும் பெரிய பானை வெளியே வந்தது, சின்னது உள்ளே போனது. கம்பளி மெத்தை வெளியே வந்தது. ஆலிவ் எண்ணெய் ஜாடி பாதியாயிற்று. "இழுக்குறது பெரிய விஷயம் இல்ல, வஸீலா. நிறுத்துறதுதான் விஷயம். எறக்கத்துல இது பின்னாலேருந்து தள்ளும், அந்தச் சின்னக் காரு தாங்கணும்ல" என்பார். கடைசியில் ஒரு நாள் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி, "கடலுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா, இல்ல என் நெழல மட்டும் கூட்டிட்டுப் போறியா?" என்றாள். தெரு சிரித்தது. அவரும் சிரித்தார். பானையை மட்டும் திரும்ப எடுத்து வைக்கவில்லை.

போன ஆகஸ்டில், மலைக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் தபர்காவுக்குப் புறப்பட்டார்கள். எனக்கும் இரண்டு நாள் கடலில் கிடந்துவிட்டு வர ஆசையாக இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டபோது, என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தெருவுலயே ஒல்லி நீதான். வா" என்றார்.

முதல் நாள் சாயங்காலமே மூக்கைத் தூக்கிப் பார்த்து, திருப்தியாகித் தலையசைத்து, காரோடு கோத்துவிட்டார். கோத்திருந்ததால் மறுநாள் காலையில் மூக்கைத் தூக்கவில்லை; டயர் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். கொக்கி விட்டாலும் டிரெய்லர் ஓடிவிடாதபடி மாட்டும் சங்கிலியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பின்விளக்கு எரிகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். வஸீலா முன்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று கோடைக்காலம் காத்திருந்தவளின் முகம் அப்படியா இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்து போயிற்று.

மஹ்ஜூப் ஓட்டுவதைப் பார்த்தால் அவர் காரை ஓட்டவில்லை, பின்னால் வருவதைத் தூங்கவைத்துக்கொண்டு போகிறார் என்றுதான் தோன்றும். திருப்பங்களை அகலமாக எடுத்தார். முன்னால் போகும் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு வயலே இருந்தது. பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால், இடம் பார்த்து ஒதுங்கி நின்று அவர்களைப் போகவிட்டார். போகிறவர்கள் கையசைத்தார்கள், சிலர் வேறு விதமாகவும் கையை ஆட்டினார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையசைத்தார். அறுத்த வயல்களில் வைக்கோல் கட்டுகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. ஒரு முறை மட்டும் ஸ்டியரிங்கில் விரலைத் தட்டி, "இன்னைக்கு இதோட நடை சரியில்ல" என்றார். பிறகு வெளியே கையை நீட்டிப் பார்த்து, "காத்துதான்" என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார். வஸீலா மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்தாள்.

ஃபெர்னானாவைத் தாண்டியதும் மலை. கார் முனகிக்கொண்டே ஏறியது. உச்சியில் இருக்கும் ஐன் த்ராஹம் ஊரில் மேகம் சாலைக்கு இறங்கி வந்திருந்தது. தக்கைமரங்கள் அடிப்பட்டை உரிக்கப்பட்டு, சிவந்த கால்களோடு மூட்டத்துக்குள் நின்றன. அவற்றின் தலைகள் தெரியவில்லை. தேன் விற்பவன், மரக்கரண்டி விற்பவள், ஒரு கழுதை என்று ஒவ்வொன்றாகத் தோன்றி, எங்களைப் பார்த்து, மறைந்தார்கள். எனக்குக் கண் சொருகியது.

இறக்கத்தின் முதல் நேர்ச்சாலையில், ஒரு பெரிய பேருந்து எங்களைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய காற்று நத்தையின் விலாவில் அறைந்தது.

முதலில் ஒரு சின்ன ஆட்டம். நாய் வாலை ஆட்டுவது போல. அடுத்த ஆட்டம் காரின் பின்பக்கத்தையே பிடித்து இழுத்தது. மூன்றாவதில் என் பக்கத்து ஜன்னலில் சாலை போய்விட்டது. கீழே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. நான் "பிரேக், பிரேக்" என்று கத்தினேன். மஹ்ஜூப் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பவும் இல்லை. நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்துவிட்டு, அழுகிற குழந்தையிடம் பேசுவதுபோல, "சரி... சரி... சரி..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நத்தை இன்னும் இரண்டு முறை அகலமாக ஆடியது. பிறகு கொஞ்சம் குறைவாக. பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல எங்கள் பின்னால் வந்தது.

ஊற்று ஒன்றின் அருகே சாலை அகன்றிருந்த இடத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை.

மஹ்ஜூப் இறங்கி, டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லை வைத்தார். சங்கிலியை அவிழ்த்தார், கொக்கியைக் கழற்றினார். மூக்கைப் பிடித்துத் தூக்கினார். அது காலிக் கூடைபோல மேலே வந்தது. அவர் கண்ணை மூடவில்லை.

"காத்து இல்ல" என்றார்.

வஸீலா மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நத்தையின் கதவைத் திறந்து உள்ளே போனார். கடைக்கோடியில், படுக்கைக்கு அடியில், போர்வைகளுக்குப் பின்னால் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பழைய கம்பளி அங்கியில் சுற்றிய வட்டமான ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, புல்லின்மேல் வைத்து, அங்கியை விலக்கினார். மாவு திரிக்கும் திரிகை. முழுத் திரிகைகூட இல்லை. அதன் அடிக்கல் மட்டும்.

"வஸீலா, இது என்ன?"

"கல்லு."

"கல்லுன்னு தெரியுது."

"பின்ன ஏன் கேக்குற?"

அந்தத் திரிகையின் கதையைத் தெருவில் எல்லோரும் அரைகுறையாக அறிவோம். அவள் அம்மா இறந்தபின், நிலம் தம்பிகளுக்குப் போயிற்று. பெண்கள் இருவருக்கும் மிஞ்சியது திரிகை ஒன்றுதான். அக்கா ஷெத்லியா எனக்கு என்றாள், வஸீலா எனக்கு என்றாள். வார்த்தை தடித்து, மேல்கல்லை அக்காள் தபர்காவுக்குத் தூக்கிப் போனாள்; அடிக்கல்லை இவள் இங்கே கொண்டுவந்தாள். அதன்பின் அக்காளும் தங்கையும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எவளாலும் ஒரு பிடி கோதுமைகூடத் திரிக்க முடியவில்லை.

இப்போது அடிக்கல்லை அக்காளிடமே கொடுத்துவிட எண்ணியதாக வஸீலா சொன்னாள். முந்தின ராத்திரி அவர் தூங்கிய பிறகு தானே தூக்கி வந்து உள்ளே வைத்தாளாம். யார் கண்ணிலும் படக்கூடாதென்று கடைக்கோடியில், ஒளித்து.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார் மஹ்ஜூப்.

"சொன்னா தூக்கிப் பாத்திருப்ப. தூக்கிப் பாத்து வெளிய வெச்சிருப்ப."

"நம்ம மூணு பேரும் இந்நேரம் கீழ கெடந்திருப்போம், வஸீலா."

"எனக்குத் தெரியுமா? கூடாது கூடாதுன்னு சொன்னியே, எதை எங்க வெக்கணும்னு ஒரு நாளாவது சொன்னியா? பின்னால வெச்சா ஆடும்னு யாரு சொன்னா எனக்கு?" அவள் அங்கியை எடுத்துக் கல்லின்மேல் போர்த்தினாள். "நான் பானைய விட்டேன், மெத்தைய விட்டேன். இதையும் விடச் சொன்னா நான் கடலுக்கே வரல."

அவர் ஊற்றுப் பக்கம் போய் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். தண்ணீர் பாதி சட்டையில் விழுந்தது. திரும்பி வந்தபோது, எடைமேடைக்கு வரும் டிராக்டர்காரர்கள் யாரும் பார்த்திராத ஒரு முகம் அவருக்கு இருந்தது.

அவர் கல்லைத் தூக்கிப்போய் இருந்த இடத்திலேயே வைத்தார். "இப்ப மூக்கைத் தூக்கு" என்றார் அவளிடம். அவள் சந்தேகத்தோடு குனிந்தாள். ஒரு கையிலேயே வந்துவிட்டது. பிறகு உள்ளே போய்க் கல்லைச் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் வைத்தார். "இப்ப தூக்கு." இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முன்ன கொஞ்சம் கனம் இருந்தா, காரு இதைக் கூட்டிட்டுப் போகும். பின்ன கனமானா, இது காரை ஆட்டி வைக்கும். அவ்வளவுதான். இதை உங்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல."

வஸீலா மூக்கை இறக்கி வைத்தாள். சற்று யோசித்தாள். பிறகு உள்ளே போய், அடுப்பை முன்பக்கத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினாள். வெளியே வந்து மறுபடி தூக்கிப் பார்த்தாள். இன்னும் எதையோ நகர்த்தினாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை அவள் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தாள், அவரும் தூக்கிப் பார்த்தார், தலையசைத்தார்.

ஆனால் மொத்தச் சுமை கூடிவிட்டது. இறக்கம் இன்னும் நிறைய மிச்சம். கல்லை விட்டுவிட்டுப் போகலாம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. தண்ணீர்க் கேன்களைத் தூக்கி வந்து பெரணிச் செடிகளின்மேல் கவிழ்த்தார். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த தூண்டில் பெட்டியையும், கருவிப் பெட்டியையும் வெளியே எடுத்து வைத்தார். இடுப்பில் கைவைத்து, மனத்துக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். அவர் பார்வை மெல்ல நகர்ந்து வந்து என்மேல் நின்றது.

"நூரி, தப்பா நெனைக்காத" என்றார்.

அப்படித்தான் நான் இரண்டு பெட்டிகளோடு சாலையோரம் நின்று, தபர்கா போகும் லூவாஜ் என்கிற பங்கு வேனைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன். ஏறுமுன் வஸீலா அக்காள் வீட்டுச் சந்துக்கு வழி சொன்னாள்.

சில திருப்பங்களுக்குப் பிறகு அவர்களைப் பிடித்தோம். மேகம் கிழிந்து, மரங்களுக்கு நடுவே பச்சை வீடு ஒன்று தானாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அடி கியரில், ஆடாமல், அசையாமல். அதற்கு முன்னால் கைக்கடக்கமான அந்தக் கார். வேன்காரர் ஒலி எழுப்பியதும் அது மரியாதையாக ஒதுங்கியது. கடக்கும்போது பார்த்தேன்: வஸீலா இரண்டு கைகளையும் வீசி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மஹ்ஜூப் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த சிப்பாய், "வீட்டையே எடுத்துட்டுப் போறாங்க" என்றான், பொறாமைப்படுகிற குரலில். அடுத்த திருப்பத்தில், எல்லாவற்றுக்கும் கீழே, சத்தமே இல்லாமல் கடல் கிடந்தது.

ஷெத்லியாவின் சந்து குறுகலானது, கொஞ்சம் மேடு. சந்து முனைத் தேநீர்க் கடையில் நான் இரண்டு கிளாஸ் குடித்து முடித்தபோது நத்தை வந்து சேர்ந்தது. கல்லை நாம் இருவரும் தூக்கிப் போய்விடலாமே என்றேன். மஹ்ஜூப் வேண்டாம் என்றார். வாசல் வரை வண்டியே போகட்டும் என்றார். வஸீலா இறங்கி, பையை அணைத்துக்கொண்டு, முதல் வீட்டுச் சுவரோரம் நின்றுவிட்டாள். அதற்குமேல் அவள் கால் நகரவில்லை.

சந்துக்குள் திருப்ப இடமில்லாததால் பின்னோக்கித்தான் ஏறவேண்டும்; டிரெய்லரைக் காரால் பின்னுக்குத் தள்ளுவது எளிதல்ல. வலப்பக்கம் போகவேண்டுமானால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பவேண்டும், நினைப்பதற்கு நேர்மாறு. மஹ்ஜூப் அதை ரொட்டி பிய்ப்பதுபோலச் செய்தார். நான் பின்னால் நின்று சும்மா கையசைத்தேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை. நத்தை சுவர்களுக்கு நடுவே நூல் பிடித்ததுபோல ஏறியது. பாதிச் சந்து வந்தபோது ஒரு கதவு திறந்தது.

வஸீலாவின் அதே நெற்றி, அதே தோள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. ஷெத்லியா முதலில் பச்சை வண்டியைப் பார்த்தாள். பிறகு அதற்கு அப்பால், சந்து முனையில் நிற்கும் தங்கையைப் பார்த்தாள். தங்கை சுவரைப் பார்த்தாள். கதவு மூடிவிடும் என்றே நான் நினைத்தேன்.

"இப்படியே வந்தா என் சுவரு போயிடும்" என்றாள் ஷெத்லியா, யாரையும் பார்க்காமல்.

சுவருக்கும் நத்தைக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். மஹ்ஜூப் வண்டியை நிறுத்தினார்.

"அப்ப எப்படி வரணும்?"

அவள் கையை முன்றானைத் துணியில் துடைத்தாள். ஒரு படி இறங்கினாள். அப்புறம் இன்னொரு படி. சந்தின் நடுவே, நத்தைக்கு நேர் பின்னால் வந்து நின்றாள்.

மஹ்ஜூப் என்னைப் பார்த்து, ஒதுங்கிக்கொள் என்று மோவாயால் சொன்னார். பிறகு முன் கியரைப் போட்டு, ஏறிவந்த தூரம் முழுவதையும் இறங்கி, வஸீலாவையும் தாண்டி, சந்து முனைக்கே போய் வண்டியை நேராக்கி நிறுத்தினார். இனி அது வேண்டாம் என்பதுபோலப் பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் திரும்பி, ஷெத்லியாவின் கை அசைவதற்காகக் காத்திருந்தார்.